வாக்கு மலையில், வேலை கொழும்பில்: தபால்மூல வாக்களிப்புக்கான கோரிக்கைச் சாசனம்

தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சுக்கும், மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து கொழும்பில் உழைக்கும் வாக்காளர்களாகிய நாங்கள் முன்வைப்பது:

2025 மே 6, உள்ளூராட்சி மன்றத் தேர்தல் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. புடவைக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் களஞ்சியத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்கும் எங்களில் பலருக்குப் பெயர் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலைப் பக்கத்து வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. புறக்கோட்டையில் பஸ் ஏறி, அவிசாவளை, கினிகத்தேனை கடந்து ஹட்டனில் இறங்கவே அரைநாள் போய்விடும். அங்கிருந்து தோட்டத்துக்கு இன்னொரு பஸ். நாட்சம்பளக்காரருக்கு அது இரண்டு நாள் கூலி, அதற்கு மேல் பஸ் காசு.

அதே தோட்டத்தில் பிறந்து அரச உத்தியோகம் பார்ப்பவர்கள் ஏப்ரல் 24, 25, 28, 29 ஆம் திகதிகளில் தபால்மூலம் வாக்களித்துவிட்டார்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் கேட்பது அந்த வழியை எங்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்பதே.

அந்த வழி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறோம். தேர்தல் அறிவித்தல் வந்ததும், வாக்காளர் இடாப்பிலுள்ள தன் விவரங்களைச் சரியாக எழுதி, குறித்த திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வாக்குச்சீட்டு தபாலில் வாக்காளரின் அலுவலகத்துக்குப் போகும். அங்கே அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன் ஆளடையாளத்தை உறுதிப்படுத்தி, யாரும் பார்க்காதபடி புள்ளடியிட்டு, உறையிலிட்டு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். தபால் வாக்கு வழங்கப்பட்டவர் தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் வாக்களிக்க முடியாது. இந்த ஒழுங்கு பொலிஸார், முப்படையினர், அரச ஊழியர், ரயில், தபால், போக்குவரத்துச் சபை ஊழியர் ஆகியோருக்கு உண்டு. கடைச் சிப்பந்திக்கு இல்லை.

கொழும்பிலேயே பதிந்துகொள்ளலாமே என்று சொல்பவர்களுக்கு எங்கள் பதில் இது. கடை மாடியில் படுப்பவனின் பெயரைத் தன் விலாசத்தில் எழுத எத்தனை முதலாளிகள் ஒப்புக்கொள்வார்கள்? ஒப்புக்கொண்டாலும் எங்கள் அம்மா இருப்பது தோட்டத்து லயன் வீட்டில். அந்தப் பாதையும் தண்ணீர்க் குழாயும்தான் எங்கள் கவலை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை செலவு செய்யச் சட்டத்தில் இருந்த தடை 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. அந்தச் சபைக்கு ஆள் அனுப்பும் வேளையில் நாங்கள் வெளியே நிற்க முடியாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் எங்கள் பாட்டன் பாட்டிகளின் வாக்கைப் பறித்தன. நாடற்றவர் என்ற பிரச்சினையின் மிச்சத்தைத் தீர்க்க 2003 இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. இத்தனை பாடுபட்டுக் கிடைத்த வாக்கு பஸ் காசு இல்லாமல் வீணாகக்கூடாது.

முதலாவதாக, உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல்கள் கட்டளைச் சட்டத்தைத் திருத்துங்கள். சொந்த மாவட்டத்துக்கு வெளியே வேலை செய்யும் தனியார் துறையினருக்கும் நாட்கூலிகளுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் தபால்மூலம் வாக்களிக்கும் உரிமையைக் கொடுங்கள்.

இரண்டாவது கோரிக்கைதான் எங்களுக்கு உயிரானது. எங்கள் வாக்குச்சீட்டு முதலாளியின் கைக்குப் போகக்கூடாது. அரச அலுவலகத்தில் மேலதிகாரி அத்தாட்சிப்படுத்தினால் அவருக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. கடையில் சம்பளமும் சாப்பாடும் படுக்கையும் தருபவர் முன்னால் புள்ளடி போடச் சொன்னால் அந்த வாக்கு எங்களுடையதாக இருக்காது. தோட்டத்து விலாசத்துக்கு அனுப்புவதும் சரிவராது. லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசமே இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்தில் கிடந்து, யார் கையிலோ ஏறி, பிந்தித்தான் வரும். ஆகவே கொழும்பு, கம்பஹா மாவட்டச் செயலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் முன்கூட்டிய வாக்களிப்பு நிலையங்கள் திறக்கப்பட வேண்டும். அரச அலுவலரே ஆளடையாளம் பார்க்கட்டும். வாக்களிப்பு நாட்களில் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்; ஒரு நாளாவது நிலையம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும்.

விண்ணப்பப் படிவம் தமிழில், எளிய சொற்களில் வேண்டும். தவறு இருந்தால் நிராகரித்துவிட்டு இருக்காமல், திருத்தித் தர அவகாசம் கொடுங்கள்.

சட்டம் திருத்தப்படும்வரை லீவையாவது உறுதிசெய்யுங்கள். வாக்களிக்கும் இடம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரைநாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்பது தேர்தல் காலத்தில் அறிவிக்கப்படும் அளவு. அறிவித்தல் பத்திரிகையில் வருகிறது, கடைக்குள் வருவதில்லை. சம்பளம் வெட்டாத லீவாக அதைச் சட்டத்திலேயே எழுதி, மறுக்கும் முதலாளிக்குத் தண்டனையும் வையுங்கள்.

பணம் இல்லை என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். 2023 மார்ச் 9 ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்றே நின்றுபோனது. அப்போது முதலில் தடைப்பட்டது பெப்ரவரி மாதத் தபால்மூல வாக்களிப்பு. தேர்தலை நடத்தாததால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குக்கு ஆகும் செலவு அரசு கட்டாயம் செய்யவேண்டிய செலவு.

தெரிவான சபைகளின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். சட்டம் திருத்தவும் படிவம் அச்சிடவும் நிலையம் ஒழுங்குசெய்யவும் அது போதுமான காலம். அடுத்த வேட்புமனுக் கோரும் அறிவித்தல் வெளியாகுமுன் இவற்றைச் செய்து முடிக்குமாறு கேட்கிறோம்.