பெயர் மட்டும் தெரிந்த புத்தகங்கள்

சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பரீட்சைக்காக மனனம் செய்த பிள்ளைகள் எங்கள் வீடுகளில் நிறைய உண்டு. வாசித்த பிள்ளை எங்கே? மிஸ்ரில் பிறந்த அசன் இந்தியாவுக்கு வந்து படும் பாடுகளை அண்மையில் மறுபடி வாசித்தேன். பழைய நடை, ஆரம்பத்தில் சற்று இழுக்கும். பொறுத்துக்கொண்டால் அடுப்பில் வைத்த சோறும் மறந்துபோகும்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) தமிழ்நாட்டு முஸ்லிம் ஊரொன்றின் பெண்களைப் பற்றியது. இதற்கு நேர்ந்த கதி வேறு. வாசிக்காமலே தீர்ப்புச் சொன்னவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். “அது பொம்புளப் புள்ளைகளுக்குச் சரிவராது” என்றார் உறவுக்காரர் ஒருவர். எத்தனையாம் பக்கம் என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். எனக்கும் அந்நாவலில் சில இடங்கள் ஒப்பவில்லைதான். ஆனால் அதைச் சொல்லும் உரிமை கடைசிப் பக்கம் வரை போனவருக்கல்லவா? வீட்டுக்குள் அடங்கிய பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வதை இவ்வளவு கிட்ட நின்று கேட்ட நாவல்கள் தமிழில் குறைவு.

எனது பிரதியை அயல்வீட்டுச் சகோதரி வாங்கிப்போய் மூன்று மாதமாகிறது. இப்போது அது அவரது மச்சியிடம் இருப்பதாகக் கேள்வி. திருப்பிக் கேட்க எனக்கு மனமில்லை.