வெள்ளம் வருமுன் படகைப் பார்ப்போம்

வெள்ளம் வந்தபின் படகு தேடுவோர் பலர். வெள்ளம் வடிந்தபின் அந்தப் படகைக் கழுவி, உலர்த்தி, அடுத்த மழைக்கு ஆயத்தமாக்குவோர் மிகச் சிலர். முன்னவரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பின்னவரைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். அறிவியல் பயிலும் மாணவனுக்குப் படகோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கலாம். ரப்பரும் காற்றும் வெப்பமும் அறிவியலுக்குப் புறம்பானவை அல்லவே!

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெங்களூர் கண்ட காட்சியை எவரும் மறந்திருக்க முடியாது. பெள்ளந்தூரும் யமலூரும் வெளிவட்டச் சாலையும் நீரில் மூழ்கின. கோடிகள் கொடுத்து வீடு வாங்கியோர் டிராக்டரிலும் ரப்பர்ப் படகிலும் ஏறி வெளியேறினர். நான் குடியிருக்கும் தொம்மலூரிலிருந்து யமலூர் வெகு தொலைவில் இல்லை. அதன் பின்னர், எங்கள் பகுதியிலும் ஒரு குடியிருப்புச் சங்கத்தார் காற்றடைத்த படகு ஒன்றை வாங்கினர். மாலை போட்டுப் படம் எடுத்தனர்; படிக்கட்டின் அடியில் வைத்தனர். சென்ற கோடையில் அதைப் பிரித்துப் பார்க்க என்னை அழைத்தனர்.

பார்த்தேன். படகின் துணி பழுதில்லை. ஆனால், நீரில் விழுந்தவன் பற்றிக்கொள்ள வேண்டிய பக்கக் கயிற்றின் வளையங்களில் இரண்டு, பசை விட்டுக் கையோடு வந்தன. கால் பம்ப்பின் குழாய் மடித்த இடத்தில் வெடித்திருந்தது. மிதவைச் சட்டைகளின் வார்களை எலி கடித்திருந்தது. படகு இருந்தது, பாதுகாப்பு இல்லை.

படகு நீரில் கெடுவதைவிட நிழலில்லாத மாடியிலும் காற்றோட்டமில்லாத மூலையிலும் மிகுதியாகக் கெடுகிறது. வெயிலின் புறஊதாக் கதிர் துணியையும் கயிற்றையும் நலிவிக்கிறது. ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கிறது. வெப்பமும் ஈரமும் பசையின் பிடியைத் தளர்த்துகின்றன.

காற்றின் கணக்கையும் பாருங்கள். காலை 20 பாகை வெப்பத்தில், வெளிக்காற்றைவிடக் கால் பார் கூடுதலாக இருக்கும்படி காற்றடைக்கிறோம். நண்பகல் வெயிலில் உள்ளே 50 பாகையானால், கொள்ளளவு மாறாதெனக் கொண்டால், அந்தக் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. மிகுந்த காற்றை வெளிவிடும் வால்வில் மணல் அடைத்திருந்தால் ஒட்டிய விளிம்பு பிரியலாம். குளிர்ந்த நீரில் இறக்கினாலோ அழுத்தம் குறைந்து படகு தொய்கிறது. ஆகவேதான், காற்று கசிகிறதா என்று அறிய, காற்றடைத்த நேரத்தையே மறுநாளும் தேர்ந்து, வெப்பநிலையும் ஒத்திருக்கும்போது அளக்க வேண்டும். வால்விலும் ஒட்டிலும் சோப்பு நீர் பூசினால், குமிழி எழும் இடமே கசியும் இடம். ஒவ்வொரு காற்றறையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஓர் அறை கிழிந்தால் மற்றவை தாங்கட்டும் என்பதற்காகத்தானே பல அறைகள்?

இவை சிறு பொருள்கள்தாமே என்பார் உளர். 2013 மே 5 அன்று இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே, காற்றுக்குழாய் விளிம்புடைய விசைப்படகிலிருந்து ஒரு குடும்பமே நீரில் தூக்கி எறியப்பட்டது. ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு ஒன்று உண்டு. அது அவர் உடலில் மாட்டப்படவில்லை. ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்பி வந்து மோதியது. தந்தையும் மகளும் மாண்டனர். 2024 சனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் கவிழ்ந்தது ரப்பர்ப் படகன்று. ஆயினும் பாடம் ஒன்றே. 12 மாணவரும் 2 ஆசிரியரும் உயிரிழந்தனர். பலர் உடலில் மிதவைச் சட்டை இல்லை.

நான் பிறந்த நாகைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாள்களில் விசைப்படகுகள் கரையேறுகின்றன. பலகை மாற்றுகிறார்கள், வலை பின்னுகிறார்கள், இயந்திரத்தைக் கழற்றி மாட்டுகிறார்கள். கடலுக்குப் போகாத நாளும் கடலுக்கான நாளே என்பது அவர்கள் கண்ட உண்மை. 2015இல் சென்னையையும், 2018இல் கேரளத்தையும் வெள்ளம் சூழ்ந்தபோது மீனவர் படகுகள் உடனே உதவிக்கு ஓடி வந்தன. நாள்தோறும் கை பட்ட படகுகள் அவை!

மீட்புப் படையும் தீயணைப்புத் துறையும் இருக்க நமக்கேன் இந்த வேலை என்று கேட்கலாம். அவர்கள் தங்கள் படகைப் பேணப் பயிற்சி பெற்றவர்கள். குடியிருப்பும் கல்லூரியும் வாங்கி வைத்த படகுக்குப் பொறுப்பாளர் யார்? காவலாளியைக் கை காட்டுகிறோம். அவருக்குச் சொல்லிக் கொடுத்தோமா? வெள்ளம் வரும் இரவில் அந்தப் படகில் முதலில் இறங்கப் போகிறவர் சங்கத் தலைவர் அல்லர், அந்தக் காவலாளிதான். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த ஏழை அவர். பிடித்த கயிறு கையோடு வந்தால் போவது அவர் உயிரன்றோ?

ஆகவே, நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நால்வர் கொண்ட குழு ஒன்று அமைப்போம். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மே திங்களில் ஒரு ஞாயிறு. இரண்டு நாள் போதும். படகு உள்ள இடங்களுக்குச் சென்று, காற்றறை, வால்வு, பக்கக் கயிறு, துடுப்பு, பம்ப்பு, மிதவைச் சட்டை, ஒட்டுப் பொருள் பெட்டி ஆகியவற்றைக் காவலாளியுடன் சேர்ந்தே சோதிப்போம். தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். பழுதானதைப் பழுதென்றே எழுதுவோம், மாற்றும்வரை கேட்போம்.

விழாவெடுத்துப் படகு வாங்கும் செல்வம் நமக்கில்லை. ஆனால், வாங்கிய படகு ஆளைக் காக்கும்படி வைத்திருக்கும் அறிவு நம்மிடம் உண்டு. வரும் மழைக்கு முன் அந்த அறிவைக் கைக்குக் கொண்டு வருவோம், வாருங்கள்!