அறிவிப்பு வருது, நம்பத்தான் முடியேல்லை

எங்களுக்குள்ள லினக்ஸ் பாவிக்கிற ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம். காசில்லை, பழைய லப்டொப்பிலயும் ஓடும். எல்லாம் சரி. ஆனால் அப்டேட் அறிவிப்பு எண்டு வந்தால் மட்டும் கடுப்புத்தான். சில கிழமை ஒரு சத்தமும் இராது. டெர்மினலில் போய்ப் பார்த்தால் பொதிகள் வரிசையில் கிடக்கும். வேறொரு நாள் அறிவிப்பு வரும். அழுத்தினால் 'எல்லாம் புதிசாத்தான் இருக்கு' எண்டு பதில்.

இதில் பாதி வழு அல்ல, வடிவமைப்பு. உதாரணத்துக்கு உபுண்டுவில், நாங்கள் எதையும் மாற்றாவிட்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் பின்னால் தானாகவே நிறுவப்படும். மற்றவை கிழமைக்கு ஒருக்காத்தான் காட்டப்படும். ஸ்னாப் பொதிகள் தனி வழியில் தங்களைப் புதுப்பிக்கும். மூன்று வாய், மூன்று கதை. இதைப் பாவனையாளருக்கு ஆர் விளங்கப்படுத்தினது?

2019 ஏப்ரலோடு ஆதரவு முடிந்த 17 ஆம் பதிப்புகளை இன்னும் பாவிக்கிற ஆக்கள் இருக்கினம் எண்டு, 2021 இல் லினக்ஸ் மின்ட் குழு கவலைப்பட்டு எழுதியது. சோம்பல் மட்டுமா காரணம்? சும்மா சும்மா அடிக்கிற மணிக்கு ஆர் எழும்புவினம்? டேட்டா முடியிற மாதக் கடைசியில், எத்தனை எம்பி எண்டு சொல்லாத அறிவிப்பை மூடத்தான் மனம் வரும். அந்தப் பழக்கத்தில், பிரவுசரின் ஓட்டையை அடைக்கிற அவசரத் திருத்தமும் சேர்ந்து தள்ளிப்போகும்.

நாங்கள் கேட்பது பெரிசில்லை. என்ன மாறுது, எவ்வளவு இறங்கும், அவசரமா இல்லையா எண்ட மூண்டையும் அறிவிப்பிலேயே சொல்லட்டும். அதுவரை கிழமைக்கு ஒருக்கா நாங்களே கையால் பார்ப்பம். பிழை கண்டால் வழு அறிக்கையும் எழுதுவம். கட்டற்ற மென்பொருளில் அதுவும் பங்களிப்புத்தான்.