மீட்டர் யார் பெயரில்?

களியக்காவிளையில் வாடகைக்கு இருப்பவருக்கும் பாறசாலையில் வாடகைக்கு இருப்பவருக்கும் புழுக்கம் ஒன்றுதான். கரண்ட் பில் மட்டும் வேறு. தமிழக அரசு 2016 மே மாதத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகாவின் தமிழர்கள் எல்லைக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இங்குள்ள வாடகைதாரருக்குப் பெரிய நஷ்டம் எல்லையால் வருவதல்ல. பல குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் இருப்பதால் வருவது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை கட்டணம் படிப்படியாக ஏறும். அதைத் தாண்டினால் முதல் யூனிட் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம். தலைக்கு 100 யூனிட் செலவழிக்கும் மூன்று குடும்பங்கள் தனித்தனி மீட்டரில் இருந்தால் சிறு உபயோகிப்பாளர்கள். ஒரே மீட்டரில் இருந்தால் 300 யூனிட் எரிக்கும் பெரிய வீட்டுக்காரர்! சிக்கனமாக இருந்து என்ன பயன்?

தனி இணைப்பு கேட்டால், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே என்ற கேள்வி வருகிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவோ, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. வீட்டுக்காரர் ஆட்சேபமின்மைக் கடிதம் தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவாகக் கூறியது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதே பார்க்க வேண்டிய விஷயம்.

வீட்டுக்காரரின் தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் அதே கட்டிடத்துக்குப் புது இணைப்பு என்ற விதி செல்லும் என்று, கேரள மின் வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது. வாடகைதாரர் பாக்கி வைத்துப் போனால் கட்டிடத்தின் தலையில்தான் விழும். அதற்குப் பரிகாரம் முன்பணத்தில் ஒரு பங்கை மின் பாக்கிக்கு ஈடாக எழுதி வைப்பது. இணைப்பையே மறுப்பது அல்ல.

வாடகைத் தகராறில் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கும் தடை உண்டு. 1965-ம் ஆண்டு கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அக்காமடேஷன் கண்ட்ரோலரிடம் புகார் செய்யலாம். ஆனால் அட்டவணையில் உள்ள ஊர்களுக்கும் அரசு அறிவித்த பகுதிகளுக்குமே அச்சட்டம் பொருந்தும். கிராமத்தில் இருப்பவர் இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மீட்டர் கிடைத்தாலும் வீடு எப்படிப்பட்டது என்பது இன்னொரு விஷயம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மின்விசிறி இரவும் பகலும் சுற்றியாக வேண்டும். இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு மின், எரிபொருள் செலவுத் தரச் சான்று 2008 முதல் கட்டாயம். 2018 முதல் தரம் மிகக் குறைந்த வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவதற்கே பொதுவாகத் தடை. நம் நாட்டில் 2023 முதல் கூரை மின்விசிறிக்கு நட்சத்திரக் குறி கட்டாயம். அது சுற்றுகிற வீட்டுக்கு எந்தக் குறியும் கட்டாயமில்லை.

ஆகவே இப்போதைக்கு வாடகை ஒப்பந்தமே வாடகைதாரரின் சான்று. மலையாளத்தில் எழுதிய முத்திரைத்தாளில் கையெழுத்திடுமுன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மீட்டர் எண், குடிபுகும் நாளின் அளவு, எத்தனை குடும்பத்துக்கு அந்த மீட்டர் என்பவை அதில் இருக்க வேண்டும். முந்தைய ஓராண்டு பில்களையும் கேட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தை மின் வாரிய அலுவலகம் வாங்க மறுத்தால், தென் மண்டல நுகர்வோர் குறைதீர் மன்றம் கொட்டாரக்கரையில் இருக்கிறது.