டைரி நம்பர் இல்லாத சாவுகள்

காலை நடை முடிந்ததும் கடற்கரையில் காந்தி சிலை அருகே உட்கார்ந்து பேப்பர் பார்ப்பது எங்கள் வழக்கம். 2025 பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், 1984 டில்லிக் கலவரத்துக்காக முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு இரண்டாவது ஆயுள் தண்டனை என்று செய்தி. பக்கத்தில் இருந்த நண்பர் அலுத்துக்கொண்டார்: "என்ன முசியே இது! எண்பது வயசுக் கிழவனை உள்ளே போட்டு என்ன ஆவப் போவுது? நாப்பது வருசம் ஆச்சு, விட்டுத் தொலைக்கலாமில்ல?"

அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாற்பது வருடம் தானாகவா ஓடியது? ஓட்டினார்கள். இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்த நாட்களில் டில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே சொல்கிறது. பதிவான வழக்குகளோ 587. அதில் சுமார் 240 'குற்றவாளி தெரியவில்லை' என்று மூடப்பட்டன. சுமார் 250 விடுதலையில் முடிந்தன. டில்லி கன்டோன்மென்ட் பகுதியில் 341 சாவு, எஃப்.ஐ.ஆர். வெறும் 21. திரிலோக்புரியில் வெவ்வேறு தெருவில் நடந்த ஏராளமான கொலைகளை ஒரே எஃப்.ஐ.ஆரில் அடக்கினார்கள். யார், யாரை, எங்கே கொன்றார் என்று பிரிக்கவே முடியாதபடி ஒரு மூட்டை.

நான் 34 வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன். ஒரு மனுவைக் கொல்லக் கத்தி வேண்டாம். இன்வார்டு ரிஜிஸ்டரில் ஏற்றாமல் விட்டால் போதும். அல்லது பத்து மனுவைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் போதும். நான் படித்த பிரெஞ்சில் இதற்கு அழகாக 'கிளாசே ஸான் ஸுயித்' என்பார்கள். மேல் நடவடிக்கை இல்லை, கட்டி வை என்று அர்த்தம். ஒருமுறை மேலதிகாரி கண் காட்டியதற்காக, ஒரு விதவையின் பென்ஷன் மனுவை நானும் அப்படிக் கட்டி வைத்தேன். அந்த அம்மாள் பதினோரு மாதம் படியேறி வந்தார். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இத்தனை கோபம்.

சஜ்ஜன் குமாருக்கு முதலில் தண்டனை வாங்கித் தந்த வழக்கைப் பாருங்கள். பாலம் அருகே ராஜ் நகரில் ஐந்து பேர் கொலை. கணவனையும் மகனையும் பறிகொடுத்த ஒரு பெண்மணி சாட்சி. 2005-ல் நானாவதி கமிஷன் அறிக்கைக்குப் பிறகுதான் சி.பி.ஐ. கைக்கு வழக்கு போனது. 2013-ல் கீழ்க்கோர்ட்டு கூட இருந்த ஐந்து பேருக்குத் தண்டனை கொடுத்துவிட்டு இவரை விடுதலை செய்தது. வாலுக்குத் தண்டனை, தலைக்கு விடுதலை! 2018 டிசம்பர் 17-ல்தான் நீதிபதிகள் முரளிதர், வினோத் கோயல் அமர்வு அதை மாற்றி ஆயுள் தண்டனை விதித்தது. குற்றவாளியின் வயதுக்கு இரக்கப்படுகிறோமே, அந்த அம்மாளுக்கு மட்டும் 34 வருடம் வயது ஏறாமலா நின்றது?

இப்போதும் என் குறை தீரவில்லை. கொன்றவன் கூண்டில் ஏறினால் மட்டும் போதாது. எழுத வேண்டியதை எழுதாமல் விட்ட பேனாவும் ஏற வேண்டும். ஒரு சாவுக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று வையுங்கள். எழுதாத அதிகாரியின் பென்ஷனில் கை வையுங்கள். இனப்படுகொலைக்கென்று நம் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லையென்று அதே தீர்ப்பு சுட்டிக்காட்டியது. 2024 ஜூலையில் புதிய குற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. அதிலும் அது இல்லை.

முசியே, பென்ஷன் இரண்டு நாள் தள்ளிப்போனால் நீங்களும் நானும் பாங்க் மேனேஜரிடம் எப்படிக் கத்துகிறோம்? அந்த அம்மாள் 34 வருடம் காத்திருந்தார். அவரிடம் போய் 'விட்டுத் தொலையுங்கள்' என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?