அம்மாவின் பழைய டிவிடி, புது ஸ்மார்ட் டிவி: எந்த கேபிள் போதும்? எதற்குச் செலவு செய்யணும்?

பொங்கல் விடுமுறை. சென்னையில் வேலை பார்க்கும் மகன், கீழ்வேளூர் வீட்டுக்கு 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கி வந்து சுவரில் மாட்டிவிட்டார். யூடியூப் ஓடுகிறது, சீரியல் ஓடுகிறது. எல்லாம் பார்த்து முடித்த அம்மா பீரோவைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்து நீட்டுகிறார். "தம்பி, அக்கா கல்யாண சிடிய போடுப்பா. அப்பாவ ஒரு தடவ பாக்கணும்."

அப்பா இப்போது இல்லை. அவர் நடந்து, சிரித்து, பந்தியில் நின்று பரிமாறும் காட்சி அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. பரண் மேல் பழைய டிவிடி ப்ளேயர் இருக்கிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை வைத்த வயரும் இருக்கிறது. ஆனால், புது டிவியின் பின்னால் அந்த வயரைச் சொருக இடமில்லை.

நாகைக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊர் வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அடுத்து கடைக்குப் போனால் 'ஃபோர்-கே' என்று அச்சடித்த, தங்க முலாம் பூசிய கேபிள் கண்ணில் படும். அதை வாங்கவே வேண்டாம். டிவிடிக்கு விலை உயர்ந்த கேபிள் வீண் செலவு. சாக்கெட் பொருந்தினால் போதும். மிச்சமாகும் பணமும் நேரமும் அந்த டிஸ்க்கைப் பிரதி எடுக்கப் போக வேண்டும்.

இந்த டிஸ்க்குகள் எப்படி வீட்டுக்கு வந்தன?

ஒரு காலத்தில் ஊரில் 'டெக்' என்றாலே வாடகைச் சாமான். டிவியும் டெக்கும் எடுத்து வந்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்ப்பார்கள். 2006 சட்டமன்றத் தேர்தலில் இலவச கலர் டிவி தருவதாக திமுக வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு 14 இன்ச் டிவிகளை வழங்கியது. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. டிவியும் வந்தாச்சு, டிஸ்க்கும் மலிவாச்சு, அடுத்து ப்ளேயர்தான்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா வீடியோக்களும் கேசட்டிலிருந்து டிஸ்க்குக்கு மாறின. அன்று கிளவுட் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. அந்த வருடங்களில் ஒரு குடும்பத்தின் அசையும் படங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு டிஸ்க்குகளில்தான் இருக்கும். மோசர் பேரே 2018-ல் திவால் நடவடிக்கையில் கலைப்புக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் தன் தபால் டிவிடி சேவையை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. டிவி தயாரிப்பவர்கள் பழைய சாக்கெட்டுகளைக் குறைத்துக்கொண்டே வருவதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் ரெண்டு பின்பக்கத்தையும் பாருங்க

கடைக்குக் கிளம்பும் முன் ப்ளேயரின் பின்பக்கம், டிவியின் பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டிலும் பொதுவாக என்ன இருக்கிறதோ, அதில் சிறந்ததை எடுத்தால் போதும். சிறந்ததிலிருந்து வரிசை இதுதான்:

எச்டிஎம்ஐ: படமும் சத்தமும் ஒரே வயரில், டிஜிட்டலாகப் போகும். ப்ளேயரில் இந்த சாக்கெட் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

காம்போனென்ட்: பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள். படத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனி வயரில் போவதால் நல்ல தெளிவு. சத்தத்துக்கு வெள்ளை, சிவப்பு வயர் தனியாக வேண்டும். ஆக மொத்தம் ஐந்து முனைகள்.

எஸ்-வீடியோ: நான்கு பின் வைத்த வட்ட சாக்கெட். வெளிச்சம் ஒரு வழி, நிறம் ஒரு வழி. இன்றைய டிவிகளில் பார்ப்பது அரிது.

ஏவி, அதாவது காம்போசிட்: எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள் முனை. வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் ஒரே வயரில் கலந்து அனுப்பும். டிவிதான் பிரித்து எடுக்க வேண்டும். பட்டுப்புடவையின் நெருக்கமான ஜரிகைக் கோடுகளில் வானவில் மாதிரி நிறம் ஓடுவது இதனால்தான். டிஸ்க் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயருக்குத் தனியாகக் காசு கொடுக்கவும் வேண்டாம். பழைய செட்டாப் பாக்ஸோடு வந்த ஏவி வயரும் இதுவும் ஒன்றுதான்.

அடிக்கடி நடக்கும் மூன்று தவறுகள்

ஒன்று, கன்வெர்ட்டரின் திசை. டிவியில் எச்டிஎம்ஐ மட்டுமே இருந்தால் 'ஏவி டூ எச்டிஎம்ஐ' கன்வெர்ட்டர் தேவை. பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொரு டப்பா 'எச்டிஎம்ஐ டூ ஏவி'. அது நேர் எதிர் வேலைக்கு, அதாவது புதுக் கருவியைப் பழைய டிவியில் இணைக்க. இரண்டையும் மாற்றி வாங்கினால் திரையில் ஒன்றும் வராது. "அண்ணே, டெக் பழசு, டிவி புதுசு" என்று கடையில் சொல்லிக் கேட்பது நல்லது. கூடவே யுஎஸ்பி மின்சாரமும் இந்த டப்பாவுக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, சின்ன வட்டத் துளை. சில டிவிகளில் ஏவி சாக்கெட் ஹெட்போன் துளை மாதிரி 3.5 மி.மீ. அளவில் இருக்கும். அதற்கு, முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் உள்ள அடாப்டர் வேண்டும். சிக்கல் என்னவென்றால், உள்ளே வயர்கள் இணையும் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும். படம் வராமல் 'கொர்ர்' என்று சத்தம் மட்டும் வந்தால் மஞ்சள் முனையைச் சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிச் சொருகிப் பார்க்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் அந்த டிவி மாடலுக்கான அடாப்டர்தான் வாங்க வேண்டும்.

மூன்று, "படம் வருது, கலர் வரல." சில டிவிகளில் காம்போனென்டின் பச்சை சாக்கெட்டே ஏவியின் மஞ்சளுக்கும் பொது. மஞ்சள் வயரைச் சொருகிவிட்டு ரிமோட்டில் 'காம்போனென்ட்' என்று தேர்ந்தெடுத்தால் கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும். 'ஏவி' என்று மாற்றினால் சரியாகிவிடும். ப்ளேயர் மெனுவில் பால் என்பதற்குப் பதில் என்டிஎஸ்சி என்று இருந்தாலும் இப்படி ஆகலாம். இந்தியாவில் பயன்படுவது பால்.

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த ப்ளேயர் என்றால் கடையில் வாங்கிய படங்கள் 'ரீஜன்' பூட்டால் ஓடாமல் போகலாம். வீடியோகிராபர் எழுதித் தந்த கல்யாண டிஸ்க்கில் அந்தப் பூட்டு கிடையாது.

காஸ்ட்லி கேபிள் போட்டா தெளிவு கூடுமா?

கூடாது. கணக்கு எளிது. பால் டிவிடியில் ஒரு படச்சட்டம் 720-க்கு 576 புள்ளிகள், மொத்தம் 4,14,720. 4கே திரையில் 82,94,400. அதாவது சரியாக 20 மடங்கு. டிஸ்க்கில் இல்லாத 19 பங்கை எந்த வயரும் கொண்டுவர முடியாது. டிவிதான் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்கிறது. எச்டிஎம்ஐ-யில் போவது டிஜிட்டல் சிக்னல். ஒன்று ஒழுங்காகப் போய்ச் சேரும், இல்லையென்றால் படம் விட்டுவிட்டு வரும். விலைக்கு ஏற்ற மாதிரி அப்பாவின் முகம் தெளிவாகாது.

தங்க முலாமில் ஒரு நியாயம் உண்டு. உப்புக்காற்று வரும் ஊரில் அது சீக்கிரம் களிம்பு பிடிக்காது. ஆனால், அது வயரின் ஆயுளைப் பற்றிய விஷயம், படத்தின் தரத்தைப் பற்றியது அல்ல. பழைய முனையை நாலு தடவை திருகிச் சொருகினாலே பல நேரம் படம் வந்துவிடும். இணைத்த பிறகு ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுவதும் முக்கியம். இல்லையென்றால் கல்யாண வீட்டில் எல்லோரும் அகலமாகத் தெரிவார்கள்.

டிவி கம்பெனிகள் செய்ய வேண்டியது

சாக்கெட்டை எடுப்பது கம்பெனிகளின் உரிமை. ஆனால், 3.5 மி.மீ. துளையை வைத்துவிட்டு அதற்கான அடாப்டரைப் பெட்டியில் வைக்காமல் விடுவது நியாயமில்லை. குறைந்தபட்சம் எந்த வரிசையில் வயர் இணைய வேண்டும் என்பதையாவது டிவியின் பின்னால் அச்சடிக்கலாம்.

"காப்பியே எடுத்துட்டா கேபிள் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால், அம்மாவுக்குத் தெரிந்தது டிஸ்க்கைப் போட்டு பட்டனை அமுக்குவது. மகன் சென்னை திரும்பிய பிறகும் அவர் தானாகவே பார்க்க முடிய வேண்டும். அதற்குத்தான் கேபிள்.

பிரதி எடுப்பது வேறு காரணத்துக்கு. கடையில் விற்ற படங்கள் அச்சில் அழுத்தித் தயாரித்தவை. கல்யாண டிஸ்க் அப்படியல்ல; சாயப் பூச்சின் மேல் லேசரால் எழுதியது. வெயிலிலும் சூட்டிலும் அந்தச் சாயம் மங்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததை இந்தப் பகுதி மறந்திருக்காது. கூரை போனால் பீரோவும் நனையும். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது ஆபத்து.

வேலை பெரிதல்ல. யுஎஸ்பி டிவிடி டிரைவை லேப்டாப்பில் இணைத்து, டிஸ்க்கில் உள்ள 'வீடியோ-டிஎஸ்' ஃபோல்டரை அப்படியே காப்பி செய்ய வேண்டும். சாதாரண டிவிடி 4.7 ஜிபி, ஒரு 64 ஜிபி பென் டிரைவில் பத்து டிஸ்க்குக்கு மேல் அடங்கும். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றினால் போனிலும் பார்க்கலாம், அக்காவுக்கும் அனுப்பலாம்.

காணும் பொங்கலுக்குள் முடித்துவிடலாம். வயர் வாங்கக் கடைக்கு ஒரு நடை, காப்பி எடுக்க ஒரு மதியம். திரும்பும்போது பென் டிரைவ் மகனின் பையில் இருக்கட்டும், டிஸ்க் அம்மாவின் பீரோவிலேயே இருக்கட்டும்.