யாருக்குச் சோதனை?

பத்தாவது தேறாத ஆலைத் தொழிலாளியோ விவசாயக் கூலியோ சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போவதென்றால், 1983ஆம் வருஷச் சட்டப்படி சர்க்காரின் அனுமதி வேண்டும். வருமான வரி கட்டுகிற சீமானுக்கு அது வேண்டாம்! பாதுகாப்பு என்கிறார்கள். நல்லது, வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாமென்று விதி போட்டவர்கள், ரசீதில்லாமல் லட்சக்கணக்கில் கறப்பவனை ஏன் தொடுவதில்லை? அவன் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறான். சோதனை அங்கேயே செத்தது. அடகுக்குப் போவது தாலியும் அரைக்காணி நிலமும்.

இறங்கியதும் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறான். 1967ஆம் வருஷச் சட்டப்படி அது இந்திய சர்க்காரின் சொத்து! தன் சொத்தைப் பறிகொடுத்த சர்க்கார் வாய் திறக்க வேண்டாமா என்று நாம் கேட்கிறோம்.

தோழர்களே, ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். ரசீது கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்!